கணினி விரைகிறது, வேலை ஏன் விரையவில்லை?



கணினியின் வேகம் ஆண்டுதோறும் கூடி வருகிறது. ஆயினும் ஒரு கடிதத்தைத் திறப்பதற்கு இன்றும் நாம் காத்துக்கொண்டுதான் இருக்கிறோம். இதற்குக் காரணம் என்ன?

ஒரு சில்லில் அடங்கும் டிரான்சிஸ்டர்களின் எண்ணிக்கை ஆண்டுதோறும் இருமடங்காகும் என்று 1965இல் கோர்டன் மூர் கணித்தார். 1975இல் அதை ஈராண்டுக்கு ஒருமுறை என்று திருத்தினார். ஏறக்குறைய அவ்வாறே வன்பொருள் பல்லாண்டுகள் வளர்ந்தது. ஆனால், வன்பொருள் விரைவதைக் காட்டிலும் மென்பொருள் வேகமாக மந்தமடைகிறது என்ற கருத்தை 1995இல் சுவிட்சர்லாந்துப் பேராசிரியர் நிக்லாஸ் விர்த் எடுத்துரைத்தார்.

முதற்காரணம், மென்பொருளின் சுமை. பெரும்பாலோர் தொடாத வசதிகளும் அதில் சேர்ந்துகொண்டே போகின்றன. சுமை எல்லாம் வீண் என்பதில்லை. இன்று இணையத்தில் வழங்கும் யூனிகோடு முறையில் 'தேயிலை' என்ற சொல்லுக்கு 18 பைட் வேண்டும். ஆங்கிலத்தில் அதே பொருளுக்கு 3 பைட் போதும். அந்தச் சுமையால்தான் நம் தமிழை எந்த நாட்டுக் கணினியும் படிக்கிறது.

இரண்டாவது காரணத்தைக் கேமரன் மலைத் தோட்டங்களில் வாழும் நாங்கள் எளிதில் அறிவோம். கையால் கிள்ளிய கொழுந்தை இன்று கத்தரியாலும் இயந்திரத்தாலும் விரைவாக வெட்டுகிறார்கள். ஆனால் ஆலையில் கொழுந்து வாடுவதற்குப் பல மணி நேரம் காத்திருந்தே ஆகவேண்டும். அதுபோல, கணினி தன் கணக்கை நொடியில் முடித்துவிட்டு, தொலைவிலிருந்து இணையம் வழியே வரவேண்டிய பதிலுக்காகக் காத்திருக்கிறது.

மூன்றாவது, செலவு. நிரலாளரின் நேரம் விலை கூடியது. கணினியின் நேரம் மலிவு. ஆகவே நிரலைச் சுருக்க நிறுவனங்கள் மெனக்கெடுவதில்லை. புதிய கணினியில் சோதிப்பவருக்குப் பழைய கணினியின் தவிப்பும் தெரிவதில்லை.

அந்தத் தவிப்பு யாருக்கு? வீட்டில் ஒரே பழைய கணினி வைத்திருக்கும் பிள்ளைக்குத்தான். 2025 அக்டோபர் 14இல் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. நன்றாக ஓடும் கணினிகள் பலவும் விண்டோஸ் 11இன் தகுதி விதிகளுக்குள் வரவில்லை. பெற்றோர் புதிதாக வாங்கக் கடன்படுமுன், சில வழிகளைப் பார்க்கலாம். தானே தொடங்கும் வேண்டாத நிரல்களை நிறுத்தலாம், நினைவகத்தைக் கூட்டலாம், சுழலும் வட்டுக்குப் பதில் திடநிலை வட்டைப் பொருத்தலாம், எடை குறைந்த லினக்ஸ் வகையொன்றை இலவசமாகவே நிறுவலாம்.

கவாத்து செய்யாத தேயிலைச் செடி மரமாகிவிடும். கொழுந்து கைக்கு எட்டாது. மென்பொருளுக்கும் கவாத்து தேவை. நாளை நிரல் எழுதப்போகும் நம் மாணவர்கள் இதனை மனத்தில் கொள்ள வேண்டும்.