ஓட்டத் தெரிந்தால் போதாது. நிறுத்தத் தெரிய வேண்டும்

(குருண் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

சம்பளத்தையும் வீட்டையும் பற்றிப் பேச வேண்டிய மேடையில் மோட்டார் சைக்கிளைப் பற்றிப் பேச வந்துவிட்டார்களே என்று சிலர் நினைக்கலாம். தோட்டத்துக் கிராணிமார்களாகிய எங்களுக்கு இதைப் பேசக் காரணம் உண்டு. விடியற்காலைப் பெரட்டில் செக்ரோலைப் பிரித்து வைத்துக்கொண்டு பெயர் கூப்பிடுகிறவர்கள் நாங்கள். கூப்பிட்ட பெயருக்குப் பதில் வராவிட்டால், வரவில்லை என்று குறித்துவிட்டு அடுத்த பெயருக்குப் போகிறோம். காய்ச்சலாக இருக்கும், உறவினர் வீட்டுக் கலியாணமாக இருக்கும் என்று எண்ணுகிறோம். ஆனால் சில நாட்களில், பெரட்டு கலைவதற்குள்ளேயே யாராவது ஓடி வருகிறார்கள். "ஐயா, பெரிய சாலை முனையில் விழுந்து கிடக்கிறான்!" என்கிறார்கள். முதலில் போட்ட குறியை அடித்துவிட்டு "விபத்து" என்று எழுதும்போது கை நடுங்காத கிராணி எங்களில் யாரும் இல்லை.

நமது நாட்டில் சாலையில் உயிர் விடுகிறவர்களில் 100க்கு 60 பேருக்கும் மேல் மோட்டார் சைக்கிளில் போனவர்களே. பணக்காரன் இரும்புக் கூட்டுக்குள் உட்கார்ந்து போகிறான். தொழிலாளி தன் எலும்பையே கூடாக வைத்துக்கொண்டு போகிறான். ஆகவே இதுவும் தொழிலாளர் பிரச்சினைதான். சங்க மேடையில் பேச வேண்டிய பிரச்சினைதான்.

தோழர்களே, நாம் கூடியிருக்கும் ஊர் எந்த ஊர்? ஜெராய் மலையின் அடிவாரத்தில் இருக்கும் குருண். தேசிய மோட்டார் சைக்கிள் என்று பெயர் பெற்ற மொடெனாஸ் வண்டியைச் செய்யும் தொழிற்சாலை இந்த ஊரில்தான் இருக்கிறது. 1995ல் அந்த நிறுவனம் அமைந்தது. 1996ல் கிரிஸ் என்ற அதன் முதல் வண்டி, 111 சி.சி. எஞ்சினோடு வெளிவந்தது. அதற்கு முன்பே, பினாங்கு வணிகர் லோ பூன் சியூ கொண்டுவந்து விற்ற ஹோண்டா வண்டி தோட்டங்களுக்குள் வந்துவிட்டது. 1958ல் ஜப்பானில் பிறந்த அந்த ஹோண்டா கப் வரிசை, 2017க்குள் உலகெங்கும் 10 கோடி வண்டிகளைத் தாண்டிவிட்டது. அதைப் போன்ற வண்டிகளைத்தான் நாம் இன்று கப்சாய் என்கிறோம்.

இந்த வண்டிகளில் கையால் பிடிக்கும் கிளச் இல்லை. காலால் கியரைத் தட்டி, கையால் எண்ணெயை முறுக்கினால் ஓடும். அரை மணி நேரத்தில் எவனும் ஓட்டப் பழகிவிடலாம். அந்த எளிமைதான் நம்மை ஏமாற்றுகிறது. ஓடத் தொடங்கியதும், கற்றது போதும் என்று இருந்துவிடுகிறோம்.

நாங்கள் எப்படிக் கற்றோம்? பதின்மூன்று, பதினான்கு வயதில், லயத்துக்குப் பின்னால் இருக்கும் செம்மண் சாலையில் கற்றோம். அண்ணன் ஒருவர் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். திடீரென்று கையை விட்டார். எதிரே கால்வாய் தெரிந்தது. பயத்தில் கை இறுகியது. கை இறுக இறுக எண்ணெய் கூடியது, வண்டி பாய்ந்தது. கால்வாயில் கிடந்த எங்களைப் பார்த்து ஊரே சிரித்தது. நாங்களும் சிரித்தோம். ஆனால் எப்படி நிறுத்துவது என்று அன்று யாரும் சொல்லித் தரவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அதைக் கேட்ட ஒருவரை எங்களுக்குத் தெரியும். பால் வெட்டும் அக்கா ஒருவர், நாற்பதை நெருங்கும் வயதில் வண்டி பழக வந்தார். ஏறி உட்கார்ந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "தம்பி, இதை எப்படி நிறுத்துவது என்று முதலில் காட்டுங்கள், ஓட்டுவதைப் பிறகு பார்க்கலாம்." அருகில் நின்ற பையன்கள் சிரித்தார்கள். இரண்டு வாரம் அவர் திடலில் பத்து அடி ஓட்டுவார், நிறுத்துவார்; மறுபடியும் ஓட்டுவார், நிறுத்துவார். இன்று பால் தோம்பு கட்டிய வண்டியை மழையிலும் நிதானமாகக் கொண்டுவந்து ஸ்டோர் வாசலில் நிறுத்துகிறார். சிரித்த பையன்களில் ஒருவன் காலில் இன்னும் இரும்புத் தகடு இருக்கிறது.

அந்த அக்காவிடமும், விழுந்து எழுந்த எங்கள் அனுபவத்திலும் நாங்கள் கற்றதைச் சொல்லுகிறோம்.

முதலாவது, பிரேக். "முன் பிரேக்கைத் தொடாதே, குப்புற விழுவாய்" என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். அது பாதி உண்மை. நிறுத்தும்போது வண்டியின் பாரம் முன் சக்கரத்தின் மேல் சாய்கிறது. ஆகவே நிறுத்தும் பலத்தில் பெரும்பங்கு முன் பிரேக்கில்தான் இருக்கிறது. காய்ந்த தார்ச் சாலையில் இரண்டையும் சேர்த்து, முன் பிரேக்கைப் படிப்படியாக இறுக்க வேண்டும். வெடுக்கென்று பிடிக்கக் கூடாது. சரளைக் கல்லிலும் ஈரச் செம்மண்ணிலும் முன் சக்கரம் பூட்டிக்கொண்டால் வழுக்கும். அங்கே முன்கூட்டியே வேகத்தைக் குறைப்பதே வழி.

இரண்டாவது, கண். பள்ளத்தையே பார்த்துக்கொண்டு போகிறவன் பள்ளத்தில்தான் விழுவான். போக வேண்டிய வழியைப் பார். கை தானாக அந்தப் பக்கம் திரும்பும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவன் ஒரு வினாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் கடந்துவிடுகிறான். கண் இமைத்து, யோசித்து, பிரேக்கைத் தொடுவதற்குள் நிரையில் பல மரங்கள் பின்னால் போய்விடும்.

மூன்றாவது, பாரம். நிறைந்த தோம்பைவிட அரைத் தோம்பு ஆபத்தானது. திருப்பத்தில் பால் ஒரு பக்கம் அலை மோதி வண்டியை இழுக்கும். இரு பக்கமும் சமமாகக் கட்டி, மூடியை இறுக்கி, வேகத்தைக் குறைத்த பிறகே திரும்ப வேண்டும்.

நான்காவது, காலம். ரப்பர் மரம் இலை உதிர்க்கும் மாதங்களில் சாலை முழுவதும் சருகு மூடிக் கிடக்கும். அதன்மேல் ஒரு தூறல் விழுந்தால் சோப்புத் தரைதான். நெடுநாள் வெயிலுக்குப் பிறகு வரும் முதல் மழையும் அப்படியே. சாலையில் படிந்த எண்ணெய் மிதந்து வழுக்கும்.

ஐந்தாவது, தலைக்கவசம். 1973ல் சட்டமாகி அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. ஆனால் நெற்றியில் வெட்டு விளக்கைக் கட்டிக்கொண்டு, தலைக்கவசத்தைக் கூடையில் போட்டுக்கொண்டு போகிறோம். விளக்கு மரத்துக்கு, கவசம் சாலைக்கு. தீம்பாரில் இறங்கியபின் விளக்கைக் கட்டிக்கொள்ள ஒரு நிமிஷம்கூட ஆகாது. வார்ப்பட்டையை மாட்டாத கவசம் கவசமே அல்ல. விழும்போது அது முதலில் பறந்துவிடும்.

தோழர்களே, உரிமையைப் பற்றியும் இரண்டு வார்த்தை. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியிலும், வேலையிலிருந்து வீடு திரும்பும் வழியிலும் நடக்கும் விபத்துக்கு சொக்சோவில் உதவி உண்டு. 1969ம் ஆண்டுச் சட்டம் தந்த உரிமை அது. 2019 முதல் வெளிநாட்டுத் தோழர்களும் சொக்சோவில் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். இந்தோனேசியத் தோழரிடமும் வங்காளதேசத் தோழரிடமும் இதைச் சொல்லுங்கள். ஆனால் இடையில் சொந்தக் காரியத்துக்காக வேறு வழியில் திரும்பிப் போனால் அந்தக் கோரிக்கை சிக்கலாகும். விபத்து நடந்தால் 24 மணி நேரத்துக்குள் போலீசில் புகார் எழுதுங்கள். மருத்துவச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். உடனே அலுவலகத்துக்குச் சொல்லி அனுப்புங்கள்; முதலாளி தரப்பு 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். அன்றைய செக்ரோலும் உங்கள் சாட்சிதான். அதை ஒழுங்காக எழுதுவது எங்கள் கடமை.

16 வயது நிறைந்தால் மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் எடுக்கலாம். "தோட்டத்துக்குள்தானே ஓட்டுகிறேன்" என்று சொல்லுகிற தம்பி, மாலையில் குருண் கடைத்தெருவுக்கும் அதே வண்டியில்தான் போகிறான். ஒரு நாள் கூலி போகிறதே என்று லைசென்சைத் தள்ளிப் போடாதீர்கள். சாலையில் ஒரு தவறு நடந்துவிட்டால் போவது ஒரு நாள் கூலி அல்ல.

எல்லாப் பழியையும் ஓட்டுகிறவன் தலையில் போட்டுவிட்டு நிர்வாகங்கள் ஒதுங்கிக்கொள்ளவும் முடியாது. தோட்டச் சாலை பெரிய சாலையில் சேரும் முனையில், வருகிற லோரியை மறைக்கும் புதரை வெட்ட வேண்டும். அங்கே ஒரு விளக்கு வேண்டும். மழை அரித்த பள்ளத்தை மூட வேண்டும். விற்பனைக்குப் போகும் பாலுக்காகச் சாலையைச் செப்பனிடுகிறவர்கள், அந்தப் பாலை வெட்டுகிறவனுக்காகவும் செப்பனிடட்டும். இந்தக் கோரிக்கைகளை எழுத்தில் வைக்க இந்தக் கூட்டம் தீர்மானிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுகிறோம்.

நாம் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, தோட்டத்துத் திடலில் கூடுவோம். ஒரு பலகையைப் போட்டு அதன்மேல் மெதுவாக ஓட்டிப் பழகுவோம். வேகமாக ஓட்ட எவனுக்கும் வரும், மெதுவாக ஓட்டத்தான் திறமை வேண்டும். சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு, அந்தக் கோட்டில் நிறுத்திப் பழகுவோம். நீர் நிரப்பிய தோம்பைக் கட்டித் திரும்பிப் பழகுவோம். நன்றாக ஓட்டும் அக்காமார் முன்னால் வந்து கற்றுக்கொடுக்கட்டும். அதில் தம்பிமாருக்கு வெட்கம் எதற்கு?

வண்டியைச் செய்கிற தொழிற்சாலை நம் ஊரில் இருக்கிறது. ஆனால் ஓட்டும் திறமையைப் பெட்டியில் வைத்து எந்தத் தொழிற்சாலையும் விற்பதில்லை. அதை ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டியவர்கள் நாமே. நாளை காலைப் பெரட்டில் நாங்கள் பெயர் கூப்பிடும்போது ஒவ்வொரு பெயருக்கும் பதில் வர வேண்டும். அதற்காகத்தான் இவ்வளவும் பேசினோம்.