மருந்து வைத்தவர் எழுதித் தந்தாரா?

(களமருதூர் உழவர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



எந்தப் பூச்சிக்கு எந்த மருந்து என்று பேச இன்று நான் வரவில்லை. கூலி வாங்கிக்கொண்டு நம் வீட்டிலும் கிடங்கிலும் மருந்து வைத்துச் செல்பவர்கள் எதையெல்லாம் எழுதி வைக்க வேண்டும், அதைக் கணினியில் ஏற்றினால் நமக்கு என்ன பயன் என்பதே இன்றைய பேச்சு.

முதலில் என் வீட்டு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் விதைநெல் மூட்டைகளில் அந்துப்பூச்சி விழுந்தது. என் தந்தையார் ஒருவரை அழைத்து வந்தார். அவர் மூட்டைகளுக்கு இடையே மாத்திரைகளை வைத்து, மேலே படுதாவைப் போர்த்தி, கூலியை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அன்றிரவு அடுத்த அறையில் படுத்திருந்த தாயாருக்கு வாந்தியும் மூச்சுத் திணறலும் வந்தன. மருத்துவர் மூன்று கேள்விகள் கேட்டார். என்ன மருந்து? எவ்வளவு? எப்போது வைத்தது? "ஏதோ மாத்திரை ஐயா" என்பதற்கு மேல் தந்தையாரால் சொல்ல முடியவில்லை. வேளாண்மை படித்த நானும் பக்கத்தில்தான் நின்றேன். எனக்கும் பதில் தெரியவில்லை. தாயார் பிழைத்துக்கொண்டார்.

எல்லோருக்கும் அப்படி அமைவதில்லை. 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில் ஒரு அடுக்குமாடி வீட்டில் எலித் தொல்லைக்காகப் பூச்சிக்கட்டுப்பாட்டு நிறுவனத்தார் மருந்து வைத்துச் சென்றனர். அவ்வீட்டில் உறங்கிய இரு குழந்தைகள் இறந்தனர். பெற்றோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர்.

மாத்திரையின் தன்மை

தானியக் கிடங்குகளில் வைக்கும் மாத்திரை அலுமினியம் பாஸ்பைடு. காற்றிலுள்ள ஈரம் பட்டதும் இது பாஸ்பீன் என்ற நச்சு வாயுவை வெளிவிடும். 3 கிராம் மாத்திரை ஒன்றிலிருந்து 1 கிராம் வாயு வரும். இதற்கு மாற்று மருந்து இல்லை. ஆகவேதான் அரசு நிறுவனங்களும் உரிமம் பெற்ற பூச்சிக்கட்டுப்பாட்டாளர்களும் மட்டுமே, அதுவும் வல்லுநர் மேற்பார்வையில், இதைக் கையாளலாம் என்று கட்டுப்பாடு விதிக்கப்பட்டுள்ளது. ஆள் படுத்துறங்கும் வீட்டில் இதை வைக்கவே கூடாது.

சட்டம் சொல்வது

1958-ஆம் ஆண்டு கேரளத்தில், சரக்குடன் வந்த பாரத்தியான் மருந்து கோதுமை மாவில் கலந்து நூறு பேருக்கு மேல் மாண்டனர். அதன் பின்னரே 1968-இல் பூச்சிமருந்துச் சட்டமும் 1971-இல் அதன் விதிகளும் வந்தன. அவற்றின்படி மருந்து விற்பவர் உரிமம் பெற வேண்டும்; ரசீது தர வேண்டும்; இருப்புப் பதிவேடு வைக்க வேண்டும். கூலிக்கு மருந்து வைப்பவருக்கும் உரிமம் கட்டாயம்.

சட்டம் இருக்கிறது, பதிவேடும் இருக்கிறது. ஆனால் ஆய்வாளர் வரும் நாளில்தான் பதிவேட்டைத் திறப்பது என்றால் அதனால் யாருக்குப் பயன்?

கணினி என்ன செய்யும்?

மானிய உரம் வாங்கும்போது கடையில் விற்பனைக் கருவியில் ஆதார் எண்ணைப் பதிந்து விரல் வைக்கிறோம். 2018 முதல் நாடெங்கும் இம்முறை நடக்கிறது. உர மூட்டைக்குச் செய்வதை உயிர் குடிக்கும் மாத்திரைக்கும் செய்ய முடியாதா?

ஒருவர் 100 மாத்திரை வாங்கினார், மூன்று இடங்களில் 60 வைத்ததாகப் பதிந்தார் என்று வைத்துக்கொள்வோம். கையில் 40 இருக்க வேண்டும். 25 தான் இருக்கிறது. மீதி 15 யார் வீட்டில் இருக்கிறது? நோட்டில் எழுதினால் இது மாதக்கணக்கில் தெரியாமல் போகலாம். அன்றன்றைய வேலையையும் இருப்பையும் கைப்பேசியில் பதிந்தால் மாலையே தெரிந்துவிடும். உரிமம் முடியும் நாளையும் அதுவே நினைவூட்டும்.

ஆனால் கணினிக்கு நாம் சொல்வதுதான் தெரியும். பொய்யைப் பதிந்தால் பொய்யைத்தான் அது கூட்டிக் கழிக்கும். எனவே வேலை முடிந்ததும் மருந்தின் பெயர், அளவு, நேரம், மூட்டம் பிரிக்க வேண்டிய நாள் ஆகியவை வீட்டுக்காரர் கைப்பேசிக்கும் வர வேண்டும். தவறாயிருந்தால் அவர் மறுக்க வழி இருக்க வேண்டும். கல்வராயன் மலையூர்களில் சிக்னல் கிடைக்காத இடங்களில் பதிந்து வைத்து, கீழே இறங்கியதும் அனுப்பும் வசதியும் வேண்டும். இத்தகைய மென்பொருளை உருவாக்குபவர்கள் இவற்றை மறக்கக் கூடாது.

நீங்கள் செய்ய வேண்டியவை

மென்பொருள் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கீழ்க்கண்டவற்றை இன்றே கடைப்பிடிக்கலாம்.

1. மருந்து வைக்க வருபவரிடம் உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். எண்ணையும் முடிவு நாளையும் குறித்துக்கொள்ளுங்கள்.

2. மருந்தின் பெயர், தொகுதி எண், அளவு, வைத்த நேரம், பிரிக்கும் நாள் ஆகியவற்றை எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். எழுதித் தராதவருக்குக் கூலி தராதீர்கள்.

3. அந்தச் சீட்டை வீட்டில் எல்லோருக்கும் தெரியும் இடத்தில் மாட்டி வையுங்கள்.

4. வாந்தி, மூச்சுத் திணறல், நெஞ்சடைப்பு கண்டால் உடனே வெளியேறி 108-ஐ அழையுங்கள். சீட்டையும் கொண்டு செல்லுங்கள். மாத்திரையின் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள்; வாயு இன்னும் வேகமாக வெளிவரும்.

5. உரிமம் இல்லாதவர் மாத்திரை வைத்தால் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் தெரிவியுங்கள்.

விதைநெல்லை நன்றாகக் காயவைத்துச் சேமித்தால் பூச்சித் தாக்குதல் குறையும். மாத்திரையின் தேவையும் குறையும்.

அன்று மருத்துவர் கேட்ட மூன்று கேள்விகளுக்கும் பதில் உங்கள் வீட்டுச் சுவரில் ஒரு சீட்டில் இருக்கட்டும்.