உடற்பருமன் மருந்தும் ஏகபோக விலையும்

(திருப்பதி மாவட்டம் நாராயணவனத்தில், தமிழ் பேசும் கட்சி உறுப்பினர்களுக்காக 2026 பிப்ரவரியில் நடைபெற்ற கல்வி வகுப்பில், ஓய்வுபெற்ற ஆசிரியரான தோழர் ஒருவர் ஆற்றிய உரை.)



கட்சிக் கல்வி வகுப்பில் உடல் எடையைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணக்கூடும். கூலியைப் பற்றிப் பேசுகிறோம். நூல் விலையைப் பற்றிப் பேசுகிறோம். மின்கட்டணத்தைப் பற்றிப் பேசுகிறோம். போராடிப் பெற்ற கூலி உயர்வு மருந்துக் கடையில் கரைந்துபோகிறது என்றால், மருந்தின் விலையைப் பற்றியும் பேசித்தான் ஆகவேண்டும்.

பத்மாவதி தாயாரின் திருமணம் நடந்த ஊர் இது என்பது தலபுராணம். அந்தத் திருமணத்துக்காகக் குபேரனிடம் வாங்கிய கடனுக்குப் பெருமாள் இன்றுவரை வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார் என்பார்கள். புராணத்தை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால் இவ்வூர் நெசவாளி மருத்துவத்துக்காகக் கடன் வாங்கி வட்டி கட்டுவது புராணம் அல்ல. அந்தக் கடனின் ஒரு பகுதியைப் பற்றியே இன்று பேச வந்திருக்கிறேன்.

என் அனுபவம்

நெசவுக் குடும்பத்தில் பிறந்து ஆசிரியப் பணிக்குச் சென்றவன் நான். பன்னிரண்டு ஆண்டுகளாக நீரிழிவு உண்டு. இரத்த அழுத்தமும் உண்டு. எடை 106 கிலோ. முழங்கால் வலியால் மாடி ஏறுவதே கடினம். நடைப்பயிற்சி செய்தேன், இரவில் சோற்றை நிறுத்திக் கேழ்வரகுக் களிக்கு மாறினேன். நான்கைந்து கிலோ இறங்கும். ஆறு மாதத்தில் மீண்டும் ஏறிவிடும். “உழைப்பாளிகளின் கட்சியில் இவ்வளவு பெரிய தொப்பையா?” என்று கேலி செய்தவர்கள் எதிரிகள் அல்லர், நம் தோழர்களே. அவர்கள் மீது எனக்கு வருத்தமில்லை. பருமன் என்றால் சோம்பல், வாய்க்கட்டுப்பாடு இல்லாமை என்றுதான் ஊரே எண்ணுகிறது.

சென்ற ஆண்டு கோடையில், வாரம் ஒருமுறை போட்டுக்கொள்ளும் ஊசி ஒன்றை நீரிழிவு மருத்துவர் எழுதிக் கொடுத்தார். முதல் இரண்டு வாரங்கள் குமட்டல் வாட்டியது, மலச்சிக்கல் வந்தது, எண்ணெய்ச் சட்டியின் வாடையே பிடிக்கவில்லை. மூன்றாவது வாரத்தில் நான் எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது. காலைச் சிற்றுண்டியை முடித்த கையோடு பதினோரு மணி வடையைத் தேடும் மனம் அடங்கிவிட்டது. அரைத் தட்டுச் சோற்றில் வயிறு போதும் என்றது. அதற்காக நான் எந்த வைராக்கியமும் எடுத்துக்கொள்ளவில்லை. இத்தனை ஆண்டுகளாக என் உடலுக்குள் இயங்கிய ஓர் ஏற்பாடு மாறியிருந்தது, அவ்வளவே.

ஐந்து மாதங்களில் 11 கிலோ குறைந்தது. சர்க்கரை கட்டுக்குள் வந்தது. இரத்த அழுத்த மாத்திரையை மருத்துவர் பாதியாகக் குறைத்தார். ஆனால் என் ஓய்வூதியத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊசிக்கே போயிற்று. வீட்டுக் கடனையும் கட்டவேண்டும். ஆறாவது மாதம் ஊசியை நிறுத்தினேன். பசி திரும்பியது; இதுவரை 5 கிலோவும் திரும்பியிருக்கிறது.

எங்கள் தெருவில் விசைத்தறி ஓட்டும் சகோதரி ஒருவருக்கும் இதே நோய்கள். அவர் ஒருநாள், “இந்த ஊசி எவ்வளவுங்க சார்?” என்று கேட்டார். சொன்னேன். அவருடைய மாதக் கூலியைவிட அது அதிகம். “சரிங்க சார்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஓய்வூதியம் பெறும் எனக்கு ஐந்து மாதம் எட்டிய மருந்து, அவருக்கு ஒரு வாரம்கூட எட்டாது.

கண்டுபிடிப்பு யாருடையது?

நாம் உண்டவுடன் குடலில் ஜிஎல்பி-1 என்னும் ஹார்மோன் சுரக்கிறது. அது இன்சுலினைத் தூண்டுகிறது. இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகிறது. போதும் என்ற செய்தியை மூளைக்கு அனுப்புகிறது. ஆனால் சில நிமிடங்களிலேயே சிதைந்துவிடுகிறது. அமெரிக்கப் பாலைவனத்தில் வாழும் கிலா என்னும் நச்சுப் பல்லியின் நஞ்சில், இதே வேலையைச் செய்து நீண்ட நேரம் நிலைத்திருக்கும் பொருளை 1990களின் தொடக்கத்தில் ஜான் எங் என்ற மருத்துவர் கண்டறிந்தார். அவர் பணியாற்றியது நியூயார்க்கில் உள்ள அரசின் முன்னாள் படைவீரர் மருத்துவமனையில். ஹார்மோனின் தன்மையை முதலில் விளக்கியவர்களும் அமெரிக்காவிலும் டென்மார்க்கிலும் மருத்துவமனைகளிலும் பல்கலைக்கழகங்களிலும் பணியாற்றிய ஆய்வாளர்களே. வாரம் ஒருமுறை போட்டால் போதும் என்ற அளவுக்கு அதை வளர்த்தெடுத்ததில் நிறுவனங்களின் அறிவியலாளர்களுக்கும் பங்குண்டு, அதை மறுக்கவேண்டியதில்லை. ஆனால் பலருடைய பல்லாண்டு உழைப்பின் பயன், இறுதியில் இரண்டு நிறுவனங்களின் தனிச்சொத்தாக நிற்கிறது: செமாக்ளூடைடு டென்மார்க்கின் நோவோ நோர்டிஸ்க் வசம், டிர்செபடைடு அமெரிக்காவின் எலி லில்லி வசம்.

மருந்து பயன் தருகிறதா என்றால், தருகிறது. 2021இல் வெளியான ஆய்வில் செமாக்ளூடைடு பெற்றவர்களின் எடை 68 வாரங்களில் சராசரியாக 14.9 சதவீதம் குறைந்தது. வெற்று ஊசி பெற்றவர்களுக்குக் குறைந்தது 2.4 சதவீதமே. இதய நோயும் மிகை எடையும் உள்ள 17,604 பேரிடம் நடத்தி 2023இல் வெளியிட்ட ஆய்வில், மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய் மரணம் ஆகியவை 20 சதவீதம் குறைந்தன. ஊசியை நிறுத்திய ஓராண்டில், இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிடுகிறது என்பதும் ஆய்வில் தெரிந்ததே. எனக்கு நேர்ந்தது விதிவிலக்கல்ல. இரத்த அழுத்த மாத்திரையைப் போல இதுவும் தொடர்ந்து எடுக்கவேண்டிய மருந்து. ஆகவே விலை என்பது ஒரு மாதக் கேள்வி அன்று, வாழ்நாள் கேள்வி.

விலை எப்படி வந்தது?

டிர்செபடைடு, மௌஞ்சாரோ என்ற பெயரில் 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தது. 2.5 மில்லிகிராம் குப்பி 3,500 ரூபாய். 5 மில்லிகிராம் 4,375 ரூபாய். மாதம் நான்கு குப்பிகள் தேவை. செமாக்ளூடைடு, வீகோவி என்ற பெயரில் அதே ஆண்டு ஜூனில் வந்தது. தொடக்க அளவுக்கு மாதம் 17,345 ரூபாய். ஐந்தே மாதத்தில், நவம்பரில், அந்த விலையை 37 சதவீதம் வரை குறைத்தார்கள். தொடக்க அளவு ஏறத்தாழ 10,850 ரூபாய்க்கு வந்தது. மூலப்பொருள் திடீரென மலிந்துவிடவில்லை. சந்தையில் போட்டி மருந்து விற்றுக்கொண்டிருந்தது. செமாக்ளூடைடின் காப்புரிமையோ 2026 மார்ச்சில் முடிய இருந்தது. நவம்பரில் குறைக்க முடிந்த விலையை ஜூனில் ஏன் வைத்தார்கள்?

உற்பத்திச் செலவுதான் என்ன? அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு 2024இல் கணக்கிட்டுச் சொன்னது: ஒரு மாதத்துக்கான செமாக்ளூடைடை, லாபத்தையும் சேர்த்து 0.89 முதல் 4.73 டாலருக்குள் தர முடியும். நம் கணக்கில் ஏறத்தாழ 75 முதல் 400 ரூபாய். எஞ்சிய தொகை முழுவதும் ஏகபோகம் வசூலிக்கும் கப்பம்.

சட்டமும் போராட்டமும்

இந்தக் கப்பத்தை உடைத்த வரலாறு நமக்கு உண்டு. 1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம், மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை இல்லை, செய்முறைக்கு மட்டுமே உண்டு என்றது. அந்தச் சட்டத்தின் நிழலில்தான் இந்திய மருந்துத் தொழில் வளர்ந்தது. உலக வர்த்தக அமைப்பின் நிர்ப்பந்தத்தால் 2005இல் சட்டம் திருத்தப்பட்டபோது, நாடாளுமன்றத்தில் இடதுசாரிகள் வற்புறுத்திச் சேர்க்கவைத்த பாதுகாப்புகளில் ஒன்று பிரிவு 3(டி). பழைய மருந்தைச் சிறிது மாற்றிப் புதிய காப்புரிமை கோருவதை அது தடுக்கிறது. கிளிவெக் என்ற இரத்தப் புற்றுநோய் மருந்து வழக்கில் 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் இப்பிரிவை உறுதி செய்தது. அதற்கு முந்தைய ஆண்டு, நெக்சவார் என்ற புற்றுநோய் மருந்துக்குக் கட்டாய உரிமம் வழங்கப்பட்டது. மாதம் சுமார் 2,80,000 ரூபாய்க்கு விற்ற மருந்து 8,800 ரூபாய்க்குக் கிடைத்தது. இந்தியா வழங்கிய ஒரே கட்டாய உரிமம் அதுதான். சட்டத்தில் ஆயுதம் இருக்கிறது. எடுக்கத்தான் அரசுக்கு மனமில்லை.

மார்ச்சுக்குப் பின் செமாக்ளூடைடை இந்திய நிறுவனங்களும் தயாரிக்கலாம். விலை இறங்கும். ஆனால் எவ்வளவு இறங்கவேண்டும் என்பதைச் சந்தையிடம் விட்டுவிட முடியாது. 2013ஆம் ஆண்டின் மருந்து விலைக்கட்டுப்பாட்டு ஆணை, உற்பத்திச் செலவைக் கணக்கிடுவதைக் கைவிட்டு, சந்தை விலைகளின் சராசரியை உச்ச விலையாக வைக்கிறது. அந்தக் கட்டுப்பாடும் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளவற்றுக்கே. உலக சுகாதார நிறுவனம் 2025 செப்டம்பரில் இம்மருந்துகளைத் தன் அத்தியாவசியப் பட்டியலில் சேர்த்தது: இரண்டாம் வகை நீரிழிவுடன் இதய நோயோ சிறுநீரக நோயோ, அத்துடன் உடற்பருமனும் உள்ளவர்களுக்காக. 2022ஆம் ஆண்டின் நம் தேசியப் பட்டியலில் இவை இல்லை. பொதுத்துறையில் தயாரிக்கலாம் என்றால், 1961இல் தொடங்கி ஹைதராபாத்திலும் ஆலை நடத்திய ஐடிபிஎல் நிறுவனத்தை மூடுவதென்று ஒன்றிய அமைச்சரவை 2016இல் முடிவெடுத்துவிட்டது.

எச்சரிக்கையும் தேவை

விலை குறைந்தால் வேறொரு ஆபத்தும் வரும். திருமணத்துக்கு முன் மெலியவேண்டும் என்று மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்குவோர் பெருகுவார்கள், விற்போரும் பெருகுவார்கள். குமட்டல் மட்டுமே பக்கவிளைவு அன்று. பித்தப்பைக் கல், கணைய அழற்சி வரலாம். கொழுப்போடு தசையும் கரையும். எடை மருந்துகளின் பழைய வரலாறும் நல்லதன்று. ரிமோனபான்ட் 2009இலும் சிபுட்ரமின் 2011இலும் நம் நாட்டில் தடை செய்யப்பட்டன. தகுதியான மருத்துவரின் கண்காணிப்பில்லாமல் இந்த ஊசியை எவரும் தொடக்கூடாது.

ஊசி ஒன்றே தீர்வு என்றும் நான் சொல்லவில்லை. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியப் பெண்களில் 24 சதவீதம் பேர் மிகை எடை. 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. இரண்டும் ஒரே வீட்டில், சில வேளை ஒரே உடலில் இருக்கின்றன. மலிவாகக் கிடைப்பது அரிசியும் பாமாயிலும் பொட்டலத் தின்பண்டமும். பருப்பும் காயும் முட்டையும் எட்டாத விலையில். நாள் முழுதும் தறிக்கூடத்தில் நிற்பவரிடம் போய் உடற்பயிற்சி செய்யச் சொல்வது அறிவுரையாகாது.

நம் கடமை

தேசிய அத்தியாவசியப் பட்டியலில் இம்மருந்துகளைச் சேர்க்கவேண்டும். உற்பத்திச் செலவின் அடிப்படையில் உச்ச விலை வைக்கவேண்டும். தேவையானவர்களுக்கு அரசு மருத்துவமனைகளில் இலவசமாக வழங்கவேண்டும். காப்புரிமை இன்னும் பல ஆண்டு நீடிக்கும் டிர்செபடைடுக்குக் கட்டாய உரிமத்தைப் பரிசீலிக்கவேண்டும். நியாயவிலைக் கடையில் பருப்பும் சிறுதானியமும் தரவேண்டும். இவை நம் கோரிக்கைகள்.

கிளைகள் உடனே தொடங்கக்கூடிய வேலையும் உண்டு. தறிக்கூடம்தோறும் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்க்கும் முகாம் நடத்துங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மெட்பார்மின் மாத்திரை மாதம் முழுதும் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையெனில் மனுக் கொடுங்கள். பருமனான தோழரைக் கேலி செய்வதை நிறுத்துங்கள். அவர் சோம்பேறி அல்லர், நோயாளி. மருந்தின் விலையைக் கேட்டுவிட்டு “சரிங்க சார்” என்று திரும்பிப் போகிறவர்களின் வீடுகள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கின்றன. நம் இயக்கம் முதலில் போய்ச் சேரவேண்டிய வீடுகள் அவை.