அறப்பொருளும் கணக்கும்

 

பெரம்பலூரை அடுத்த சிறுவாச்சூரில் மதுரகாளியம்மன் திருக்கோயில் உள்ளது. திங்களும் வெள்ளியும் அங்குத் திரளும் அன்பர் இடும் காணிக்கையின் கணக்கு, இந்து சமய அறநிலையத் துறையின் மேற்பார்வைக்கு உட்பட்டது. ஊரார் தாமே நடத்தும் ஜினாலய அறக்கட்டளைகள் பலவற்றுக்கு அத்தகைய மேற்பார்வை இல்லை. அங்கே கணக்கைக் காக்கும் கடமை, அறங்காவலரையும் அறத்தின் பயன் பெறும் குடும்பங்களையுமே சாரும்.

கணக்குக் கேட்பது பெரியோரை ஐயுறுவதாகும் எனத் தயங்குவோர் உண்டு. அத்தயக்கம் வேண்டியதில்லை. அறங்காவலர் பொருளுக்கு உடையவர் அல்லர். பிறர்க்காக அதனைப் பேணுபவர். பண்டு பள்ளிச்சந்தமாக நிலம் ஈந்தோர் அதனைக் கல்லில் வெட்டுவித்தது, ஈந்தது எது, எதற்காக என்பதை ஊரும் வழித்தோன்றல்களும் அறிய வேண்டும் என்பதற்கே.

களவு ஒன்றே குற்றமன்று. ஆகாரம், அபயம், ஔஷதம், சாத்திரம் எனத் தானம் நால்வகை. தாயார் நினைவாக ஒரு குடும்பம் சாத்திர தானத்துக்கு ஈந்த தொகை, மண்டபத்துக்குத் தரைக்கல் பதிக்கச் செலவானால், எவரும் ஒரு காசும் எடுத்திராவிடினும் ஈந்தவர் கருத்துப் பழுதாகிறது. கூட்டுத்தொகை சரியாக இருப்பினும் அறம் வழுவியதே.

சமய உரிமையைக் காட்டிக் கணக்கை மறுக்கவும் இயலாது. 1950ஆம் ஆண்டின் பம்பாய்ப் பொது அறக்கட்டளைச் சட்டத்தை எதிர்த்துச் சமண ஆலய மேலாளர் ரதிலால் பானாசந்த் காந்தி தொடுத்த வழக்கில், 1954இல் உச்ச நீதிமன்றம் இரண்டையும் தெளிவாக்கியது. கணக்கும் தணிக்கையும் உலகியல் நிருவாகம். அவற்றைச் சட்டம் நெறிப்படுத்தலாம். ஆயின், சமயப் பணிக்கென ஈந்த பொருளை, அந்நோக்கம் நிறைவேறக் கூடியதாக இருக்கும்போதே அரசு வேறு பணிக்குத் திருப்பலாகாது.

குடும்ப நலனுக்கான தனியார் அறக்கட்டளை எனில், 1882ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19, 57 ஆகிய பிரிவுகளின்படி பயனாளி கணக்கும் விவரமும் கேட்கலாம். பற்றுச்சீட்டுகளைப் பார்வையிட்டுப் படியெடுக்கலாம். ஆலயம் முதலிய பொது அறங்களுக்கு அச்சட்டம் பொருந்தாது. அவற்றுக்கு 1920ஆம் ஆண்டின் அறநிலைய, சமய அறக்கட்டளைச் சட்டம் உண்டு. அதன் 3ஆம் பிரிவின்படி, அறத்தில் தொடர்புடைய ஒருவரே மாவட்ட நீதிமன்றத்தில் மனுச் செய்து விவரமும் தணிக்கையும் கோரலாம். மனுவுக்கு மூன்றாண்டுகளுக்கு முந்திய கணக்குக்கு இவ்வகைத் தணிக்கையைக் கேட்க முடியாது. ஆகவே வாளாவிருத்தல் உரிமையைத் தேய்க்கும். முறைகேடு தெளிவானால், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92ஆம் பிரிவின்கீழ் இருவர் சேர்ந்து, நீதிமன்ற அனுமதி பெற்று, அறங்காவலரை நீக்கவும் வழக்கிடலாம்.

எனினும் வழக்கு இறுதி வழியே. முதலில் பணிவாக, எழுத்து வடிவில் கேட்டல் நன்று. அறங்காவலரும் கேட்குமுன் காட்டுதல் நன்று. தான வகை ஒவ்வொன்றுக்கும் தனிப் பேரேடு வைத்து, தணிக்கை செய்த கணக்கை ஆண்டுதோறும் ஆலயப் பலகையில் ஒட்டினால், நேர்மையாளர்மீது வீண்பழி விழாது. ஐயம் எழும் செலவுக்கு அதே 1920ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆம் பிரிவின்படி நீதிமன்றத்தின் அறிவுரையையும் அவர் நாடலாம்.

கள்ளாமையை அணுவிரதமாக ஏற்ற சாவகர்க்குக் கணக்குக் காட்டுதலும் அவ்விரதத்தின் பகுதியே. ஈந்த கை ஐயமின்றி மீண்டும் ஈவதற்கு அதுவே வழி.