சரிவில் ஓர் ஏக்கர்

பிரிஞ்சாங் வட்டாரத்தில் தட்டையான நிலம் அரிது. தேயிலையும் சரிவில், பல இடங்களில் காய்கறியும் சரிவில்தான். அங்கே ஓர் ஏக்கர் என்றால் எவ்வளவு? 43,560 சதுர அடி என்று பள்ளிப் பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள். அந்தச் சதுர அடியை எங்கே அளப்பது? சரிவின் மேலா, மட்டத்திலா?

1885ஆம் ஆண்டில் இந்த மலைகளை அளந்து வரைபடமாக்க வந்தவர் வில்லியம் கேமரன். அவர் பெயரையே இந்த மேட்டுநிலம் தாங்கி நிற்கிறது. நில வரைபடம் என்பது நேர் மேலிருந்து பார்ப்பது போன்ற தட்டைப் படம். ஆகவே நிலப்பட்டாவில் காணும் பரப்பு மட்டத்து அளவே. சரிவின் அளவு அல்ல.

இரண்டுக்கும் வேறுபாடு சிறியதன்று. சரிவின் கோணம் 10 பாகையானால், தரையோடு இழுத்த 100 அடி மட்டத்தில் 98½ அடி. 20 பாகையில் 94 அடி. 30 பாகையிலோ 86½ அடிதான்.

கோணத்தைக் காணப் பிள்ளைகளின் பாகைமானி போதும். அதன் நடுப்புள்ளியில் நூல் கட்டிச் சிறு கல்லைத் தொங்கவிடுங்கள். நேர் விளிம்பு மேலிருக்கட்டும். உங்கள் உயரமுள்ள ஒருவரை மேட்டில் நிறுத்தி, அந்த விளிம்பின் வழியே அவர் கண்ணைப் பாருங்கள். மட்டத்தில் நூல் 90இல் நிற்கும். அது 60க்கோ 120க்கோ நகர்ந்தால் சரிவு 30 பாகை.

கோணம் இல்லாமலும் அளக்கலாம். மேலே இருப்பவர் டேப்பின் நுனியைத் தரையில் பிடிக்க, கீழே இருப்பவர் மறுமுனையை மட்டமாகும்வரை உயர்த்த வேண்டும். ரசமட்டம் வைத்துச் சரிபார்க்கலாம். அங்கிருந்து தூக்குக்குண்டு விட்டு, அது தொடும் இடத்தில் முளை அடியுங்கள். அந்த முளையிலிருந்து மறுபடி தொடங்குங்கள். இப்படிப் படிப்படியாக இறங்கி அளவுகளைக் கூட்டினால் மட்டத்துத் தூரம் கிடைத்துவிடும்.

இதனால் நமக்கு என்ன பயன்? ஏக்கர் கணக்கில் புல்வெட்டு ஒப்பந்தம் எடுப்பவரை எண்ணிப் பாருங்கள். 30 பாகைச் சரிவில், படத்திலுள்ள ஓர் ஏக்கருக்குள் வெட்ட வேண்டிய தரை ஏறத்தாழ 50,300 சதுர அடி. 6,700 சதுர அடிக்கு மேல் கூடுதல் உழைப்பு! நிலத்தைக் குத்தகைக்கு எடுப்பவருக்கோ கணக்கு நேர்மாறு. சரிவோடு அளந்து ஓர் ஏக்கர் என்று கொடுத்தால், பட்டா அளவில் அது ஓர் ஏக்கருக்குக் குறைவு.

ஆகவே நேயர்களே, கூலியோ குத்தகையோ பேசும் முன், "இது மட்டத்து ஏக்கரா, சரிவு ஏக்கரா?" என்று கேட்டு, அதை எழுத்திலும் வாங்கிக்கொள்ளுங்கள்.