நெஞ்சு வலியும் பரம்பரை இதயத்துடிப்புக் கோளாறும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய மருத்துவ உரையின் எழுத்து வடிவம்)

 

நெஞ்சு வலித்தால் ‘வாயுப் பிடிப்பு’ என்று கூறி, மருந்துக் கடையில் ஒரு மாத்திரை வாங்கி விழுங்குவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. இதனால் மாரடைப்பைக் கவனியாது விடும் அபாயம் உண்டென்பது யாவரும் அறிந்ததே. ஆனால் சில குடும்பங்களுக்கு அந்த மாத்திரையே கேடாக முடியலாம் என்பதைப் பலர் அறியார். அக்குடும்பங்களைப் பற்றியே பேச விழைகின்றேன்.

இதயம் ஒருமுறை துடித்தபின், அடுத்த துடிப்புக்காகத் தன் மின்னாற்றலைச் சீர்செய்து கொள்கிறது. அதற்கு ஆகும் நேரத்தை ஈ.சி.ஜி. படத்தில் ‘கியூ.டி. இடைவெளி’ காட்டும். பிறவியிலேயே இது நீண்டிருப்பதே ‘நீள் கியூ.டி.’ நோய். ஏறத்தாழ 2,000 பேரில் ஒருவருக்கு இது உண்டு. பொதுவான வகையில், பெற்றோருள் ஒருவருக்கு இருப்பின் ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்குச் சரிபாதி வாய்ப்புள்ளது.

அரிதான வேறொரு வகையும் உண்டு. 1957ஆம் ஆண்டு நார்வே நாட்டு மருத்துவர்களான யெர்வெல், லாங்கே-நீல்சன் ஆகிய இருவரும், பிறவியிலேயே செவி கேளாத பிள்ளைகள் மயங்கி விழுந்து, சிலர் திடீரென இறந்த ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதினர். தாய், தந்தை இருவழியிலும் பழுதுற்ற மரபணு வந்து சேர்ந்தால்தான் இவ்வகை தோன்றும். சொந்தத்தில் மணமுடிக்கும் குடும்பங்களில் இதற்கான வாய்ப்பு கூடுதல். ஆகவே செவி கேளாத குழந்தை மயங்கி விழுந்தால், காலம் தாழ்த்தாது ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்தல் வேண்டும்.

இந்நோயின் முதன்மை அடையாளம் வலியன்று, திடீர் மயக்கமே. ஓடுகையில், நீந்துகையில் சிலருக்கு வரும். திடீர் ஒலியால் சிலருக்கு வரும், ஸஹர் நேரத்து அலாரமும் இதில் அடங்கும். வேறு சிலருக்கு உறக்கத்திலேயே வரும். இதனை வலிப்பு நோயெனக் கருதி, ஆண்டுக்கணக்கில் அதற்கே மருந்துண்டவர்களும் உண்டு.

இவர்களுக்கும் நெஞ்சு வலி வருவதுண்டு. அது தசைப்பிடிப்பாகவோ, வயிற்று அமிலமாகவோ, மனக்கலக்கமாகவோ இருக்கலாம், மாரடைப்பாகவும் இருக்கலாம். வீட்டில் அமர்ந்து தீர்மானிக்க இயலாது. வலியுடன் படபடப்போ மயக்கமோ சேர்ந்தால், அல்லது உழைக்கும்போது வலி வந்தால், உடனே 108ஐ அழையுங்கள். நெஞ்சில் அதிர்வுக் கருவி பொருத்தியவருக்கு, யாரோ உதைத்தாற்போல் திடீரென ஓர் அடி விழுந்தால், கருவி இயங்கியிருக்கிறது என்று பொருள். ஒருமுறையாயினும் அன்றே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். மீண்டும் விழுந்தாலோ, உடல்நிலை சரியில்லையென்றாலோ ஆம்புலன்ஸை அழைத்தாக வேண்டும்.

இனி மாத்திரைக்கு வருவோம். அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோலுடன் டாம்பெரிடோன் சேர்ந்த மாத்திரைகள் நம்மூரில் பரவலாக விற்பனையாகின்றன. டாம்பெரிடோன் கியூ.டி. இடைவெளியை மேலும் நீட்டக்கூடியது. இத்தகைய இதயக் கோளாறு உள்ளோர்க்கு அது தரலாகாதென 2014இல் ஐரோப்பாவில் கட்டுப்பாடே விதித்தனர். எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின், வாந்திக்குத் தரும் ஆன்டான்செட்ரான் ஆகியவையும் இவ்வகையினவே. வாந்தி பேதியால் பொட்டாசியம் குறைவதும் ஆபத்தைக் கூட்டும்.

ஆகவே இந்நோயுள்ளவர், நோயின் பெயரை ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பல் மருத்துவரிடமாயினும் முதலில் அதனைக் காட்டட்டும். பீட்டா பிளாக்கர் மாத்திரை உண்பவர்கள் ரமலானில் அதைத் தாமாக நிறுத்தலாகாது. நோன்புக்கு முன்பே மருத்துவரைக் கண்டு, ஸஹரிலா இஃப்தாரிலா எந்நேரம் உண்பதெனக் கேட்டறிந்து கொள்ளுங்கள்.