உடம்பின் பளுவைக் குறைக்க எங்கே தொடங்குவது?

(பட்டர்வொர்த் சங்கக் கூட்டத்தில் தோட்டக் கிராணி ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



சம்பளத்தைப் பற்றிப் பேசுவேன் என்று வந்திருப்பீர்கள். இன்று தொந்தியைப் பற்றிப் பேசப் போகிறேன். சிரிக்க வேண்டாம். பால் ஸ்டோரில் நின்று உங்கள் பாலை நிறுத்து எழுதுகிறவன் நான். ஒரு கிலோ குறைத்து எழுதினால் என்னைச் சும்மா விடுவீர்களா? அப்படிப்பட்டவன் என் சொந்த எடையைப் பார்த்தது போன வருஷம், அரசாங்கக் கிளினிக்கில்தான். 94 கிலோ! இரத்தத்தில் சர்க்கரையும் எல்லையை நெருங்கிவிட்டது என்றார் டாக்டர். அந்த வியாதியால் என் தகப்பனாருக்கு ஒரு கால் போயிற்று. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பயத்தில் முதலில் செய்தது மடத்தனம். 180 வெள்ளி கொடுத்து மெலிய வைக்கும் மாவு வாங்கினேன். இரவுச் சோற்றை அடியோடு விட்டேன். ஒரு மாதத்தில் 6 கிலோ இறங்கியது. பசி தாங்காமல் விட்டதும் 7 கிலோ ஏறியது. வீட்டுக்காரி இன்னமும் அந்த 180 வெள்ளியைச் சொல்லிக்காட்டுகிறாள்.

இது என் ஒருவன் கதையல்ல. 2023-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, இந்நாட்டில் வயது வந்தோரில் 54.4 சதவிகிதத்தினர் பளு மிகுந்தவர்கள். 2019-ஆம் ஆண்டு ஆய்விலோ, இந்தியரில் நூற்றுக்கு 31 பேருக்கு நீரிழிவு. நம் பாட்டன் இருட்டிலே பெரட்டுக்கு நின்று, நூற்றுக்கணக்கான மரங்களை வெட்டி, வாளி சுமந்து மேடுபள்ளமெல்லாம் நடந்தார். அவர் தின்ற சோறு வேர்வையாய்ப் போயிற்று. நானோ நாற்காலியில் இருக்கிறேன். நம் பிள்ளைகள் பிறை பாக்டரிகளுக்குப் பஸ்ஸில் போகிறார்கள். சோற்றுத் தட்டு மட்டும் பாட்டன் தட்டாகவே இருக்கிறது.

இரண்டாம் முறை தேநீரில் தொடங்கினேன். ஒரு கிளாஸ் தே தாரேயில் இரண்டு மேசைக் கரண்டி டின் பால் என்றால் சர்க்கரை மட்டும் ஏறக்குறைய 20 கிராம். நான் குடித்தது நாளுக்கு நான்கு கிளாஸ், 80 கிராம்! உலக சுகாதார நிறுவனமோ நாளுக்கு 50 கிராமைத் தாண்டாதே, 25-க்குள் நின்றால் இன்னும் நல்லது என்கிறது. முதலில் ஒரு கிளாஸை 'தே ஓ கோசோங்' ஆக்கினேன். கசந்தது. மூன்று வாரத்தில் நாக்கு பழகிற்று. பிறகு அடுத்த கிளாஸ்.

அடுத்தது தட்டு. சுகாதார அமைச்சு சொல்லும் 'சுக்கு சுக்கு செபாரோ' கணக்கு: கால் தட்டு சோறு, கால் தட்டு மீனோ கோழியோ பருப்போ, அரைத் தட்டு காய்கறியும் பழமும். காய்கறி விலை ஏறிக் கிடக்கிறதே என்பீர்கள். உண்மைதான், அதனால்தான் சம்பளப் போராட்டமும் வேண்டும் என்கிறேன். வீட்டோரம் முருங்கையும் வெண்டையும் வைக்க யாரையும் கேட்க வேண்டாம்.

மாலையில் அரைமணி நடை, வாரத்தில் ஐந்து நாள். பால் வெட்டும் தோழர்கள் ஏற்கெனவே நடக்கிறார்கள். தேநீரையும் தட்டையும் கவனித்தால் போதும். நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்கள் மட்டும் டாக்டரைக் கேளாமல் ஆகாரத்தைக் குறைக்கக் கூடாது; சர்க்கரை திடீரென இறங்கினால் ஆபத்து.

பத்து மாதத்தில் 8 கிலோ குறைந்திருக்கிறேன். மெதுவாகத்தான். சில வாரம் தராசு அசையவே இல்லை. அப்போது எனக்குத் தைரியம் தந்தது சென்னைச் செய்தி. அங்கே டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் நீரிழிவின் விளிம்பில் இருந்த 531 பேரை வைத்துச் செய்து, 2006-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஆகாரத்தையும் நடையையும் திருத்தியவர்களுக்கு நீரிழிவு வரும் அபாயம் 28.5 சதவிகிதம் குறைந்தது. அவர்கள் எடை பெரிதாக இறங்கவுமில்லை!

கூட்டம் முடிந்ததும் தேநீர் உண்டு. டின் பாலைத் தனியாக வைக்கச் சொல்லியிருக்கிறேன். வேண்டியவர்கள் ஊற்றிக்கொள்ளலாம், நான் கரண்டிகளை எண்ணிக்கொண்டு நிற்பேன்.